சோபாவைக் கிழிக்கும் பூனை, வாடகை வீடு, கொலுவுக்கு ஐந்தே வாரம்

#1 மாடிவீட்டுக்காரி | 28 ஆகஸ்ட் 2024, இரவு 11.40

வணக்கம். இத்தனை நாள் வாசிச்சுட்டுப் போறதோட சரி. இன்னைக்கு வேற வழியில்லாம எழுதுறேன்.

நங்கநல்லூர்ல ரெண்டாவது மாடி, வாடகை வீடு. பதினாலு மாச ஆண் பூனை, ஆரஞ்சு நிறம், பேரு கேசரி. கேசரின்னா சிங்கம்னு ஒரு அர்த்தம் இருக்காம். பேரு வைக்கும்போது எனக்கு ரவா கேசரிதான் ஞாபகத்துல இருந்தது, அது அகராதியைப் பாத்துட்டு வந்திருக்கு போல.

இதுவரைக்கும் சேதாரம்: மூணு சீட்டர் துணி சோபா, வாங்கி எட்டு மாசம், ரெண்டு கையும் நார் நாரா தொங்குது. ஹால் ஜன்னல் கொசுவலையில மூணு ஓட்டை. ஓனர் போட்டுக் குடுத்த திரைச்சீலையில பாதி. போன வாரத்துல இருந்து புதுசா வாசக்கதவுப் பக்கச் சுவர்லயும் சோபா முதுகுலயும் மூத்திரம். ஓனர் அடுத்த தடவை வாடகை வாங்க வந்தா மூக்கைப் பொத்திக்குவார்.

அக்டோபர் 2 மகாளய அமாவாசை, அன்னைக்கு கொலுப்படி கட்டணும். இந்த வருஷம் எங்க வீட்டுலதான். மாமியார் ஸ்ரீரங்கத்துல இருந்து பொம்மைப் பெட்டியோட வர்றாங்க. அதுல பாதி அவங்க மாமியாரோட பொம்மை.

செஞ்சு பாத்தது: அதட்டல், மூஞ்சில தண்ணி பீச்சுறது, 650 ரூபாய்க்கு வாங்கின ஒன்றரை அடி கீறுற கம்பம். கம்பத்து மேல ஒரே ஒரு தடவை உக்காந்துச்சு. இவர் "அம்மா வர்றதுக்குள்ள இதை யாருக்காவது குடுத்துடலாம்"னு ஆரம்பிச்சிருக்கார். எனக்கு மனசு வரல. என்ன பண்ணலாம்?

#2 சும்மாஇரு | 28 ஆகஸ்ட், இரவு 11.58

பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்னு இருக்க முடியாது தாயி. சோபா வேணுமா பூனை வேணுமா? ரெண்டும் வேணும்னா சோபா சந்துல நாலு அந்துருண்டை போடுங்க, பினாயில்ல துணிய முக்கி சுத்தித் துடைச்சு விடுங்க. கிட்டயே வராது. எங்க ஊர்ல அப்படித்தான்.

#3 வாலாட்டி | 29 ஆகஸ்ட், காலை 6.15

மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

அந்துருண்டை ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், ஈரலையும் கெடுக்கும். பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நாய்க்கு ஒன்றும் ஆகாத பல சமாச்சாரம் பூனையைச் சாய்ப்பதற்கு இதுதான் காரணம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே அதன் உயிரை எடுக்கப் போதும். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்தால் ஆபத்து இல்லை என்று நினைப்பார்கள். நடந்த பிறகு பாதத்தை நக்குமே! யூகலிப்டஸ் தைலத்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் யோசனையும் அடுத்து யாராவது கொண்டுவருவார்கள். அதுவும் வேண்டாம்.

மாடிவீட்டுக்காரி அக்கா, மூன்று கேள்வி. குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தாயிற்றா? மூத்திரம் போகும்போது உட்கார்ந்து போகிறதா, நின்றுகொண்டு வாலைத் தூக்கி நடுக்கிப் பின்பக்கமாகப் பீச்சுகிறதா? மண் தட்டில் அடிக்கடி போய் முக்கிக்கொண்டு, சொட்டுக்கூட வராமல் திரும்புகிறதா? மூன்றாவதற்கு ஆமாம் என்றால் இந்த இழையை மூடிவிட்டு இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆண் பூனைக்கு நீர்த்தாரை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

#4 மட்டுறுத்துநர் | 29 ஆகஸ்ட், காலை 7.02

#2-ஐ நீக்கவில்லை. அதே யோசனையோடு தேடி வருகிறவர்கள் #3-ஐயும் சேர்த்துப் படிக்கட்டும். சும்மாஇரு, பேர் வைத்தபடி நடந்தால் நல்லது.

#5 நாலுபூனை | 29 ஆகஸ்ட், காலை 9.30

மதுரையில இருந்து. பேரைப் பாத்தாலே தெரியும், நாலு.

அக்கா, கீறுறதை நிறுத்தணும்னு நினைச்சா தோத்துடுவீங்க. அதை வேற இடத்துக்கு நகர்த்தத்தான் முடியும். நகத்தோட மேல் உறை கழண்டு விழணும், அதுக்குக் கீறணும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் இழுத்து சோம்பல் முறிக்கணும், அதுக்கு எதையாவது பிடிச்சுத் தொங்கணும். இது ரெண்டையும் விடப் பெருசு என்னன்னா, பாதத்துல விரலிடுக்குல வாசனைச் சுரப்பி இருக்கு. கீறின இடத்துல "இது கேசரி வீடு"ன்னு எழுதிட்டுப் போகுது. நாம வாசல்ல பேர்ப்பலகை மாட்டுற மாதிரி. பேர்ப்பலகையை யாராவது கொல்லைப்பக்கம் மாட்டுவாங்களா? வீட்டு ஆளுங்க உக்கார்ற இடத்துல, எல்லாரும் கடந்து போற வழியிலதான் மாட்டும். அதான் சோபா.

உங்க ஒன்றரை அடிக் கம்பத்தை பால்கனி மூலையில, வாஷிங் மெஷின் பக்கத்துலதானே வெச்சிருக்கீங்க? சும்மா ஊகம்தான்.

வளர்ந்த பூனை பின்னங்கால்ல நின்னு கையை முழுசா நீட்டினா ரெண்டரை அடிக்கு மேல வரும். கம்பம் அவ்வளவு உயரம் இருக்கணும். அதைவிட முக்கியம், ஆடக் கூடாது. ஒரு தடவை ஆடிச்சுன்னா அதை நம்பாது. உங்க சோபா எவ்வளவு கனம், எவ்வளவு உறுதின்னு யோசிங்க. அதோட போட்டி போடணும்ல.

தண்ணி பீச்சுறதை இன்னையோட விடுங்க. நீங்க இருக்கும்போது கீறக் கூடாதுன்னு மட்டும்தான் அது படிச்சிருக்கும். ராத்திரி ஷிப்ட் அதுக்குத்தான்.

#6 மாடிவீட்டுக்காரி | 29 ஆகஸ்ட், மதியம் 1.10

வாஷிங் மெஷினை எப்படிக் கண்டுபிடிச்சீங்க! மண் தட்டும் அங்கேயேதான் இருக்கு.

வாலாட்டி தம்பி, ஆபரேஷன் பண்ணல. "பாவம், வாயில்லா ஜீவன்"னு மாமியார் போன்லயே சொல்லிட்டாங்க. நின்னுக்கிட்டுதான் பீச்சுது, வால் நடுங்குது. தட்டுலயும் நல்லா போகுது, முக்கல் இல்ல.

#7 வாலாட்டி | 29 ஆகஸ்ட், இரவு 9.45

அப்படியானால் அது நோய் இல்லை, வயசு. வயதுக்கு வந்த ஆண் பூனை எல்லை குறிக்கிறது. வெளியே வேறு பூனை நடமாட்டம் இருந்தால் வாசற்கதவு ஓரத்தில்தான் முதலில் அடிக்கும். அறுவை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகள் நிறுத்திவிடும். ஆனால் மறுநாளே நிற்காது, சில வாரம் எடுக்கும். பழக்கம் ஊறிப்போனால் கடினம். உங்களுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, நாளைக்கே நேரம் வாங்குங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், அல்லது வீட்டருகே நம்பகமான மருத்துவர். ஆண் பூனைக்கு இது சின்ன அறுவை. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: துணை தேடி ராத்திரி மதில் ஏறிச் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதுதான் பாவம்.

சுத்தம் செய்வது: பினாயில் கூடாது என்றாயிற்று. ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் புகை வரும். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு தண்ணீர். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கரைசலை நன்றாக ஊறும்படி விட்டுத் தானாகக் காயவிடுங்கள். நமக்கு நாற்றம் போனால் போதும், அதற்கு வாசனையே போக வேண்டும். மிச்சம் இருந்தால் அதே இடத்தில் மறுபடி புதுப்பிக்கும்.

மண் தட்டை வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். ஒருநாள் ஸ்பின் சுற்றும்போது உள்ளே மாட்டிக்கொண்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது.

#8 குஷன்கடை | 30 ஆகஸ்ட், காலை 7.20

கோயம்புத்தூருங்க. சோபா குஷன் வேலை, 22 வருஷம். நான் பூனை வெச்சிருக்கலைங்க, ஆனா பூனையால எனக்கு வர்ற வேலையே பாதி. அதனால என் பக்கத்தையும் கேட்டுக்கோங்க.

முதல்ல, சோபாவுல அது எந்த இடத்தைக் கீறுதுன்னு பாருங்க. சீட்டைக் கீறாது. கையோட முன் முனை, இல்ல முதுகோட ஓரம். ஏன்னா அங்கதான் மரச்சட்டத்து மேல துணியை நல்லா இழுத்து அடிச்சிருப்போம். நகம் மாட்டினா எதிர்ப்புக் குடுக்கும். நெட்டுக்குத்தா நிக்குது, ஆடாது. மதுரைக்காரம்மா சொன்ன எல்லாமே அந்த ஒரு இடத்துல இருக்கு. சோபாக்காரங்க பூனைக்குன்னே செஞ்சு குடுத்த மாதிரி.

அடுத்தது துணி. கடையில லினன் மாதிரி சொரசொரன்னு ஒரு துணி காட்டுவாங்க, பாக்க பிரமாதமா இருக்கும். நெசவு லூசு. நகம் மாட்டும், இழுத்தா இழை வெளிய வரும், வந்த இழை ஆடும், ஆடினா அது விளையாட வரும். சுருள் சுருளா முடிச்சு வெச்ச துணியும் அப்படித்தான். ரெக்சின் நல்லதுன்னு நினைச்சு வாங்குறாங்க. ரெக்சின்ல நகம் ஓட்டை போடும், அந்த ஓட்டை ரெண்டு மாசத்துல கிழிசல். பூனை வீட்டுக்கு நான் போடுறது வெல்வெட், இல்ல மைக்ரோபைபர், சூயட் மாதிரி குட்டை மயிர், நெருக்க நெசவு. மாட்டுறதுக்கு முடிச்சே இல்லாததால அதுக்கு சுவாரசியம் போயிடுது. மேல கீறல் விழுந்தாலும் கையால தடவினா சரியாயிடும்.

சோபாவைத் தலைகீழாக் கவுத்துப் பாத்தீங்களா? அடியில கறுப்பா மெல்லிசா ஒரு துணி அடிச்சிருப்பாங்க. பூனை மல்லாந்து படுத்து அதைப் பிடிச்சு ஊஞ்சல் மாதிரி இழுத்துக்கிட்டே போகும். கிழிஞ்சா உள்ள புகுந்து ஸ்பிரிங் மேல குடித்தனம். அங்க கித்தான் துணி அடிச்சுக்கோங்க.

முதுகுல மூத்திரம் அடிச்சிருக்குன்னு சொன்னீங்க. துணியோட நின்னா துவைச்சுக்கலாம். ஸ்பாஞ்சுக்குள்ள இறங்கி நாளாயிட்டா அது போகாதுங்க, மாத்தணும். மாத்தும்போது ஸ்பாஞ்சுக்கு மேல தண்ணி இறங்காத ஒரு உள்ளுறை போடச் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, என் வியாபாரத்துக்கு நானே வெக்கிற வேட்டு: இப்போ துணி மாத்தாதீங்க. கம்பத்துல அது ஒரு மாசம் ஒழுங்காக் கீறட்டும், அப்புறம் கூப்பிடுங்க. மாத்தின மூணாம் வாரமே மறுபடி என்னைக் கூப்பிட்டவங்க இருக்காங்க. அதுவரைக்கும் ரெண்டு கையிலயும் அகலமான ரெண்டுபக்க டேப் ஒட்டி விடுங்க. பாதத்துல பிசுபிசுன்னு ஒட்டுறது அதுக்குப் பிடிக்காது.

#9 சும்மாஇரு | 30 ஆகஸ்ட், காலை 8.05

இவ்வளவு பாடு எதுக்கு? வெளிநாட்டுல நகத்தையே எடுத்துடறாங்களாமே.

#10 வாலாட்டி | 30 ஆகஸ்ட், காலை 8.40

எடுப்பது நகத்தை இல்லை. நகம் எலும்பிலிருந்து வளர்வதால், ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கிறார்கள். உங்கள் பத்து விரலையும் முதல் கணுவோடு வெட்டுவது போல. பிரிட்டனில் தடை, நியூயார்க் மாநிலத்தில் 2019 முதல் தடை. வெட்டிய பூனை பாதம் வலித்து மண் தட்டை விட்டுவிட்டுப் படுக்கையில் போகும், நகம் இல்லாததால் கடிக்கக் கற்றுக்கொள்ளும். சோபாவுக்குப் பதில் மெத்தை போகும், அவ்வளவுதான்.

#11 நாலுபூனை | 30 ஆகஸ்ட், காலை 10.15

நகத்தை வெட்டலாம், நுனி மட்டும். முன்கால்ல அஞ்சஞ்சு, பின்கால்ல நாலு நாலு, ஆக 18. பாதத்தை மெதுவா அமுக்கினா நகம் வெளிய வரும். வெளிச்சத்துல பாத்தா உள்ள ரோஸ் நிறத்துல ரத்த ஓட்டம் தெரியும், அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். ஆரஞ்சு பூனைக்குப் பெரும்பாலும் நகம் வெள்ளையா இருக்கும், நல்லா தெரியும். முதல் நாள் ஒரே நாள்ல 18-உம் முடிக்கணும்னு உக்காராதீங்க. தூக்கக் கலக்கத்துல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

#12 திண்ணை | 31 ஆகஸ்ட், மாலை 5.50

கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. எங்கள் வீட்டு யோசனையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

தேக்கு ஊஞ்சல் பலகையை எங்கள் பூனை கீறிக் கீறிப் பள்ளமாக்கிவிட்டது. நானும் கடையில் கம்பம் வாங்கினேன், ஆடியது. கொல்லையில் பாட்டி காலத்து கல் உரல் சும்மா கிடந்தது. சவுக்குக் கட்டை ஒன்றை மூன்றடிக்கு அறுத்து, பழைய சாக்கை இறுக்கிச் சுற்றி, உரல் குழியில் நட்டு, சுற்றிலும் மணலும் தேங்காய் நாரும் போட்டுக் கெட்டித்தேன். யானை வந்து முட்டினாலும் அசையாது. ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே கூடத்தில் வைத்தேன். நாலாம் நாள் ஊஞ்சலை மறந்துவிட்டது.

வீட்டில் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "மாவு இடிச்ச உரல்ல பூனைக்கு கட்டை நட்டிருக்காரு"ன்னு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கிரைண்டர் வந்து முப்பது வருடமாகிறது, அதை யார் கேட்பது.

சிமெண்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு உரலைத் திரும்பக் கேட்பார்கள்.

#13 பனங்கூடல் | 31 ஆகஸ்ட், இரவு 8.30

யாழ்ப்பாணத்தில இருந்து. திண்ணை ஐயா சொன்னதைப் பாக்க எங்கட வீடு ஞாபகம் வந்திட்டுது. எங்கட வளவுக்க ஒரு பனங்குத்தி கிடக்கு, அப்பா ஏதோ தேவைக்கெண்டு வெட்டி வைச்சது. மூண்டு பூனையும் விடிய எழும்பின உடன அதிலதான் போய் விறாண்டுறது. கதிரையள் ஒண்டையும் தொடுறேல்ல. நாங்கள் ஒண்டும் பழக்கேல்ல, அதுகளே கண்டுபிடிச்சதுகள்.

இன்னொரு விசயம். குப்பைமேனி தெரியும்தானே? ரோட்டோரம் எல்லாம் நிக்கும். அதுக்குப் பூனைவணங்கி எண்டும் ஒரு பேர் இருக்கு. ஒரு செடியை வேரோட புடுங்கி மண்ணைத் தட்டிப்போட்டு பூனைக்கு முன்னால போட்டுப் பாருங்கோ. இலைக்கு ஒண்டும் செய்யாது, வேர் வெளியால வரவேணும். முகத்தைத் தேய்ச்சு, உருண்டு, வெறிச்ச மாதிரிக் கிடக்கும். அந்த வேரைப் புதுக் கட்டையில நல்லாத் தேய்ச்சு விட்டா தானா வந்து கட்டிப்பிடிக்கும். எல்லாப் பூனைக்கும் ஒரே மாதிரிப் பிடிக்கும் எண்டு சொல்லேலாது. எங்கட மூண்டில ஒண்டு திரும்பியும் பாக்காது. தின்ன விடாதேங்கோ, சத்தி (வாந்தி) எடுக்கும்.

#14 மாடிவீட்டுக்காரி | 8 செப்டம்பர், மாலை 4.00

நடந்தது இது.

4-ஆம் தேதி ஆபரேஷன் முடிஞ்சது. காலையில விட்டோம், சாயங்காலம் கூட்டிட்டு வந்தோம். அன்னைக்கு ராத்திரி தள்ளாடிச்சு, மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரைச்சீலையில ஏறிச்சு. மாமியார்கிட்ட இன்னும் சொல்லல.

மண் தட்டு இப்போ குளியலறைக்கு வெளிய இருக்கு. வாசனை போட்ட மண்ணை மாத்தி வாசனை இல்லாதது வாங்கினேன்.

கம்பத்தை வீட்டுலயே செஞ்சோம். உரல் எங்ககிட்ட இல்ல. ரெண்டாவது மாடிக்கு யார் தூக்குறது? நாலு இஞ்ச் பிவிசி பைப் ரெண்டேமுக்கால் அடி, ரெண்டுக்கு ரெண்டு அடி பிளைவுட், பைப் மூடி ஒண்ணு. மூடியை பிளைவுட்ல போல்ட் போட்டு முடுக்கி, பைப்பை அதுல இறக்கியாச்சு. ஓனர் லாப்ட்ல போட்டு வெச்ச ஒரு கடப்பாக்கல் பலகையை ரெண்டா உடைச்சு பிளைவுட் மேல வெச்சோம். (ஓனர்கிட்ட கேட்டுட்டுதான்.) பைப் வழவழன்னு இருந்ததால உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெவிகால் தடவி, சைசல் கயிறு (கத்தாழை நார்க் கயிறு) சுத்தினோம்.

இங்கதான் இவரோட கணக்கு. "பதினஞ்சு மீட்டர் தாராளம்"னு எட்டு மில்லிமீட்டர் கயிறு வாங்கிட்டு வந்தார். சுத்தச் சுத்த ஒரு அடி தாண்டினதும் தீந்து போச்சு. முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்ட மாதிரி ரெண்டு நாள் நின்னுச்சு. அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டோம். ஒரு சுத்துக்கு 37 சென்டிமீட்டர், முக்கால் மீட்டர் உயரத்துக்கு 94 சுத்து, ஆக கிட்டத்தட்ட 35 மீட்டர். யாராவது செய்யப் போறீங்கன்னா எழுதி வெச்சுக்கோங்க.

சோபாவோட வலது கைக்கு முன்னாடியே வெச்சிருக்கோம், நடக்கிற வழியில. இவருக்கு தினம் கால்ல இடிக்குது. பக்கத்து காலி மனையில குப்பைமேனி கிடைச்சுது. வேரைத் தேய்ச்சதும் கேசரி பண்ணின கூத்தை வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். பனங்கூடல், உங்களுக்குக் கோடி நன்றி.

இப்போ என் பயம் கொலுதான். நாலுபூனை அக்கா, உங்க வீட்டுல எப்படி?

#15 நாலுபூனை | 9 செப்டம்பர், காலை 11.00

பதினோரு வருஷமா வெக்கிறேன். ரெண்டு வருஷம் அழுதிருக்கேன். நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

கொலுப்படின்னா நமக்கு பக்தி, அதுக்கு மாடிப்படி. அதுவும் நடுக்கூடத்துல, உச்சியில உக்காந்தா ஊரே தெரியும். அதனால படியைக் கட்டினதும் பொம்மை வெக்காதீங்க. ரெண்டு நாள் சும்மா விடுங்க. ஏறட்டும், மோந்து பாக்கட்டும், தூங்கட்டும். புதுசுங்கற மவுசு போயிடும். அதே நேரம் பக்கத்துல படியைவிட உயரமா ஒரு இடம் குடுங்க. எங்க வீட்டுல பீரோ தலையில பழைய போர்வை, ஏறுறதுக்கு ஒரு ஸ்டூல். உச்சி இடம் தனக்குன்னு ஆனா படியில ஆர்வம் பாதியாயிடும்.

இரும்புப் படின்னாலும் சுவத்து ஆணியில ரெண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டணும். மேல விரிக்கிற வேட்டியோட நுனி தொங்கவே கூடாது. தொங்கினா அதைப் பிடிச்சு ஏறும், வேட்டியோட ஒன்பது படியும் கீழ வரும். உள்பக்கமா மடிச்சு ஊக்கு குத்துங்க.

கனமான பொம்மையைக் கீழ வைன்னு யாராவது சொல்லுவாங்க. கொலுவுல அது நடக்குமா? சாமி மேல, செட்டியார் கீழ. எடைக்காக தசாவதாரத்தை இறக்க முடியாது. அதனால ஒவ்வொண்ணையும் இருக்கிற இடத்துலயே உக்கார வைக்கணும். காகிதக்கூழ் பொம்மை பாக்கப் பெருசா இருக்கும், வால் பட்டாலே விழும், அதுக்கு அடியில டபுள் டேப். ஆனா பழைய மண் பொம்மைக்கு டேப் ஒட்டிடாதீங்க, எடுக்கும்போது சாயம் பேந்துடும், மாமியார் முன்னாடி தலை காட்ட முடியாது. அதுக்கு நான் சும்மாடு செய்வேன். துணியை நீளப் பையாத் தைச்சு மணல் நிரப்பி வளையமா முடிஞ்சு, அதுக்கு நடுவுல பொம்மை. முன்னாடி ஜரிகை மறைச்சுடும், யாருக்கும் தெரியாது.

பார்க்! இதைச் சொல்ல மறந்தா நான் மதுரைக்காரியே இல்ல. கொலு பார்க்குக்கு மணல் பரப்புவீங்கல்ல, அது பூனைக்கு எப்படித் தெரியும்? பெரிய, புத்தம்புது மண் தட்டு, அதுவும் விளக்கு அலங்காரத்தோட. எங்க வீட்டுல முதல் வருஷம் திருப்பதி மலை அடிவாரத்துல நடந்ததை நான் எழுத மாட்டேன். மணலுக்குப் பதில் கூழாங்கல் போடுங்க. கேழ்வரகு முளைக்க வெச்சா அதையும் மேயும். அது தப்பில்ல, புல் மாதிரிதான். ஆனா வயலே மொட்டையாயிடும்.

குத்துவிளக்கு தரையில தனியா எரிய வேண்டாம். வாலைத் தூக்கிட்டு உரசிட்டுப் போகும், மயிர் கருகும். கண்ணாடிக் கூண்டு விளக்கு இருந்தா அது.

விளக்கு வெக்கிற நேரமும் பூனைக்குக் கிறுக்குப் பிடிக்கிற நேரமும் ஒண்ணுதான். கருக்கல்லயும் விடியக்காலையிலயும் வேட்டையாடுற ஜாதி அது. சுண்டல் வாங்க ஆள் வர்றதும் அப்போதான். அதனால அஞ்சரை மணிக்கு குச்சியில துணி கட்டி பதினஞ்சு நிமிஷம் நல்லா ஓட விட்டு மூச்சு வாங்க வையுங்க. உடனே சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, தூக்கம், அதுதான் அதோட வரிசை. அப்புறம் படுக்கையறையில தண்ணி, மண் தட்டோட விட்டு கதவைச் சாத்துங்க. புது ஆளுங்க வரவர பதட்டத்துல சுவத்துல பீச்சுறதும் நிக்கும்.

கொசுவலையை விட்டுட்டோமே. நைலான் வலையைக் கழட்டிட்டு ஸ்டீல் வலையை அலுமினிய சட்டத்துல போடுங்க. ரெண்டாவது மாடி, காக்காவைப் பாத்து வலையோட சேந்து பாயும். சேதாரத்தைவிட அதுதான் எனக்குக் கவலை.

#16 சும்மாஇரு | 9 செப்டம்பர், மதியம் 12.20

திருப்பதி அடிவாரத்துல என்ன நடந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?

#17 நாலுபூனை | 9 செப்டம்பர், மதியம் 12.31

தம்பி, பேர் வெச்சபடி.

#18 மாடிவீட்டுக்காரி | 16 அக்டோபர், இரவு 10.15

பொம்மையெல்லாம் பேப்பர்ல சுத்திப் பெட்டிக்குள்ள போயாச்சு. மாமியாரை நேத்து ரயில் ஏத்தினோம்.

சேதம்: காகிதக்கூழ் யானை ஒண்ணு, தும்பிக்கை நுனி. பார்க்குல கேழ்வரகு வயல் ரெண்டு நாள்ல அறுவடை. அவ்வளவுதான். சும்மாடு போட்டதால மண் பொம்மை ஒண்ணும் அசையல. நான் தைச்சது பன்னிரண்டு, மீதியை மாமியாரே உக்காந்து தைச்சாங்க. "எங்க வீட்டுல அப்போ கீரி வரும், உங்க தாத்தா கல்லை வெச்சு அணைகட்டுவார்"னு இவர்கிட்ட கதை சொல்லிக்கிட்டே.

ஆபரேஷன் விஷயம் மூணாம் நாள் அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க. திட்டு வாங்கினேன். சுவத்துல அடிக்கிறது செப்டம்பர் கடைசியிலயே நின்னுபோச்சு. ஸ்டீல் வலை போட்டாச்சு. ஓனர் பாதிக் காசு குடுத்தார், அதை நான் எதிர்பாக்கல.

ஒரு குறை. வலது கைக்கு முன்னாடி கம்பம் இருக்குல்ல, அந்தக் கையை ஆறு வாரமா தொடல. இடது கையை விடல. விடியக்காலை அஞ்சு மணிக்கு டர்ர்ருன்னு சத்தம். டேப் ஒட்டினா டேப் இல்லாத இடமாப் பாத்துக் கீறுது. வந்து கம்பத்துல கீறக் கூடாதா? மூணு அடி தூரம்தானே?

#19 குஷன்கடை | 17 அக்டோபர், காலை 7.05

ராத்திரி எங்கங்க தூங்குது? படுக்கையறையில இருந்து வந்தா முதல்ல எந்தக் கை வருது?

#20 மாடிவீட்டுக்காரி | 17 அக்டோபர், காலை 7.30

இடது கை.

#21 குஷன்கடை | 17 அக்டோபர், காலை 7.48

அப்புறம் என்னங்க. எழுந்ததும் சோம்பல் முறிக்க வர்றது முதல்ல எது கிடைக்குதோ அதுலதான் முறிக்கும். மூணு அடி நடந்து போய் முறிக்கணும்னு அதுக்கு என்ன வேண்டுதல்? அந்தப் பக்கத்துக்கும் ஒரு கம்பம் செய்யுங்க. இடது கையில கிழிஞ்சு தொங்குற துணியை வெட்டி எடுத்து புதுக் கம்பத்தோட மேல் பக்கம் கட்டி விடுங்க, அதோட வாசனை அதுலதான் இருக்கு. ஒரு மாசம் பாத்துட்டு துணி மாத்தலாம். மொத்தமும் மாத்தினா ஒன்பது பத்து மீட்டர் ஆகும், ரெண்டு கைக்கு மட்டும்னா ரெண்டு மீட்டர்ல முடிச்சுக்கலாம். உங்க ஊர்லயே நல்ல ஆள் இருப்பாங்க, வெல்வெட்டுன்னு மட்டும் சொல்லுங்க.

#22 மாடிவீட்டுக்காரி | 20 அக்டோபர், மாலை 6.40

செஞ்சாச்சு. இந்தத் தடவை கயிறு 35 மீட்டர் சரியா வாங்கிட்டு வந்தார். பைப்தான் மூணு இஞ்ச் வாங்கிட்டார், இப்போ எட்டு மீட்டர் போல மிச்சம். திண்ணை ஐயா, உங்க ஊஞ்சல் சங்கிலிக்கு வேணுமா?